பொறுத்தருளச் சொல்லாதவள்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத் தொங்குரயிலில், பட்டுச்சேலையும் கட்டம் போட்ட தலைத்துண்டுமாக ஒரு பெண் எனக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் அன்றைய தமிழ் விழாவை நடத்தும் அக்கா.

"மன்னிப்பெல்லாம் கேக்க ஏலாது, அக்கா."

"எல்லாரும் 'பிழையிருந்தால் பொறுத்தருள்க' எண்டுதானே பேச்சை முடிக்கிறவை? நீர் மேடையில வீட்டுப் பேச்சிலயெல்லோ கதைக்கப்போறீர்."

"நான் கதைக்கப்போறது ஒரு ஜமேக்காக் கவிஞரைப் பற்றி. சந்தைப் பொம்பிளையள் மாதிரித் தலைத்துண்டு கட்டி, அவையின்ர பேச்சிலயே கவிதையும் சிலந்தி வாற நாட்டுக்கதையளும் சொன்னவ. கொச்சை எண்டு படிச்ச ஆக்கள் முகம் சுளிச்சவை. அவ மன்னிப்புக் கேக்கேல்லை."

"எங்கட சபையிலயும் ஆராவது முகம் சுளிச்சால்?"

பெண் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"அவையை நான் மன்னிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு மேடையால இறங்குவன்."