பாட்டில் தொட்டில்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இடப்பக்கம் சாய்கிறது சார். ஒரு கால் தேய்ந்திருக்கிறது. அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். உட்காருகிற சாமான் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். தொழில் அப்படி.

தொழில் என்றதும் ஓரத்தில் எழுதிக்கொண்டிருப்பவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். என் அக்காவின் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரித்தார்.

காலித் தண்ணீர் பாட்டில்களில் நான் ஸ்டூல், சோபா, புத்தக அலமாரி எல்லாம் செய்வேன். கத்தரியும் டேப்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, இன்னொரு முழு பாட்டிலை மூடியோடு அதற்குள் இறக்க வேண்டும். அது ஒரு தூண். தூண்களைச் சேர்த்து டேப் சுற்றினால் ஒரு கால். மூடியைக் காலைக் குளிரில் இறுக்க வேண்டும். வெயில் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து பாட்டில் கல் மாதிரி ஆகும். உச்சி வெயிலில் மூடினால் சாயங்காலமே சொட்டை விழும், உட்கார்ந்தவர் தரைக்கு வருவார். எல்லாவற்றையும்விட முக்கியம், அத்தனையும் ஒரே கம்பெனி பாட்டிலாக இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இடுப்பு மாறும். இடுப்பு மாறினால் தூணுக்கும் தூணுக்கும் நடுவே சந்து விழும், பிறகு சோபா தானாக முனகத் தொடங்கும்.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். நாலாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. படிப்பு முடிந்து வேலை கிடைக்கும் வரை என்று வந்தவன். வேலை கிடைக்கவில்லை, மொட்டை மாடி கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஷீட் போட்ட நிழலில் என் பட்டறை. மாடிக் கதவின் சாவி, தொட்டி மூடியின் சாவி இரண்டும் என்னிடம் இருந்தன. குடியிருப்பின் செக்ரட்டரி தானாகவே கொடுத்தார். பொறுப்பான பையன் என்று எனக்குப் பெயர். இன்றைக்கும் அந்தப் பெயரை மாற்ற ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா உண்டாகியிருந்தாள். தொட்டிலை நான்தான் செய்வேன் என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தேன். மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏன் மாப்ள, பொறக்கப்போறது குழந்தைதானே? தண்ணி கேன் இல்லையே?"

நல்ல மரத் தொட்டில் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"என் தம்பி செய்யறதுலதான் என் புள்ள படுக்கும்" என்றாள் அக்கா. "நீங்க பார்த்து வச்சதுல நீங்க படுத்துக்குங்க."

அந்த வீட்டில் என்னை நம்பிய ஆள் அவள் ஒருத்திதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான்.

இதற்கிடையில் குடியிருப்புக் கூட்டத்தில் செக்ரட்டரி என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். குழாயில் நல்ல தண்ணீர் வரும்போது பாட்டில் தண்ணீர் வாங்குவது பூமிக்குச் செய்யும் துரோகம் என்றேன். கைதட்டினார்கள். கூட்டத்தில் கைதட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள் என்கிற தைரியத்தில்தான் பேசினேன். இவர்கள் மறக்கவில்லை. பாட்டில் பெட்டி கொண்டுவரும் வண்டி வாசலோடு திரும்பிப் போகத் தொடங்கியது. குப்பைக்கூடையில் ஒரு மூடிகூட இல்லை. தொட்டில் பாதியில் நின்றது.

தெருவில் பொறுக்கலாமே என்பீர்கள். பொறுக்கினேன். ஒன்றுக்கு இடுப்பு பெருத்திருந்தது, ஒன்றுக்குத் தோள் சரிந்திருந்தது. அக்கா பிள்ளை படுக்கும் தொட்டிலில் அளவு பிசகலாமா? நானே வாங்கிக் குடித்தும் பார்த்தேன், மாடியில் வைத்து, யாருக்கும் தெரியாமல். ஒரு மனிதன் எவ்வளவுதான் குடிப்பான். வயிறு உப்பியது, தொட்டில் வளரவில்லை. வாங்கிக் கீழே ஊற்றிவிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். தண்ணீரை வீணாக்குவதா? அந்த மாதிரி ஆள் நான் இல்லை.

எலி விஷயத்துக்கு வருகிறேன். அது தானாகச் செத்த எலி. படிக்கட்டுக்கு அடியில் கிடந்ததைத் தொட்டிக்கு இடம் மாற்றினேன், அவ்வளவுதான். எலி மக்கும் பொருள் என்பதையும் கவனிக்க வேண்டும். குழாயில் வாடை வந்தது, எல்லோரும் பாட்டிலுக்கு ஓடினார்கள். ஆனால் செக்ரட்டரி சுறுசுறுப்பானவர். உடனே ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவினார். கூடமாட உதவிக்கு என்னையே கூப்பிட்டார். வண்டி மறுபடி வாசலோடு திரும்பியது. கிடைத்த பாட்டில்கள் ஒரு பக்கத் தடுப்புக்குக்கூடப் போதவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாடை கழுவினால் போய்விடும். பயம் கழுவினால் போகாது. ஆகவே, வாடையும் நிறமும் காட்டாமல் பயத்தை மட்டும் கொடுக்கிற சரக்கு தேவைப்பட்டது. கட்டடத்தின் பின்புறம் கழிவுத் தொட்டி இருக்கிறது. அதன் மூடி உடைந்திருப்பதை நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் மக்கை இறக்கினேன். அவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டியில் ஒரு மக் எந்த மூலைக்கு? துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். பட்டப்பகலில், எல்லோரும் ஏறி இறங்கும் படிக்கட்டு வழியாகத்தான் கொண்டுபோனேன். ஒளிந்து செய்தவன் மாதிரி எழுதிவிடாதீர்கள்.

முதலில் இரண்டாம் மாடித் தையல்காரம்மாவுக்கு வாந்தி. அடுத்து, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். காலை நீட்டி வைத்துக்கொள்ள ஒரு சின்ன ஸ்டூல் கொண்டுபோனேன். உன்னை மாதிரி நாலு பேர் இருந்தால் கட்டடம் உருப்பட்டுவிடும் என்று கண் கலங்கினார். அந்த ஸ்டூலில் இருந்தவை, பயந்துபோய் அவர் வீட்டார் குடித்துப் போட்ட பாட்டில்கள். மறுசுழற்சி என்றால் இதுதான் சார், புத்தகத்தில் எழுதியிருப்பதெல்லாம் சும்மா.

தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் செக்ரட்டரி முடிவு செய்தார். மாதிரி எடுத்துப்போகும் வேலை பொறுப்பான பையனுக்கு வந்தது. கடையில் வாங்கிய தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்தேன். சுத்தம் என்று முடிவு வந்தது. உடம்பு முடியாமல் படுத்தவர்கள் அதை நம்பவில்லை. வண்டி தினமும் வந்தது. பயம் தணிகிற மாதிரி தெரிந்த போதெல்லாம் இன்னொரு மக். தொட்டில் மளமளவென்று எழுந்தது.

மாமாகூடப் பாட்டிலுக்கு மாறிவிட்டார். அக்கா மட்டும் மாறவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் இருவர் கண் முன்னால் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தாள்.

"கட்டடமே பாட்டில் குடிக்குது. உனக்கு மட்டும் என்ன வீம்பு?" என்றார் மாமா.

"பாட்டில் வாங்குறது துரோகம்னு என் தம்பி அத்தனை பேர் முன்னாடி பேசியிருக்கான். அவன் அக்காவே வாங்கினா அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்? தண்ணி சுத்தம்னுதானே சோதனையில வந்துச்சு? அவன்தானே கொண்டுபோய்க் குடுத்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை என்று மாமா சொல்லியிருப்பார். அது தவறு. "காய்ச்சிக் குடி அக்கா" என்று சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். காய்ச்சின தண்ணீர் குமட்டுகிறது என்று அவள் அப்படியே குடித்தாள். அதற்கு மேல் வற்புறுத்தினால் ஏன், எதற்கு என்று துருவுவாள். தொட்டிலின் தலைமாட்டுப் பக்கம் வேறு இன்னும் அடைக்காமல் கிடந்தது. திறந்த பக்கம் வழியாகக் குழந்தை உருண்டு விழுந்தால் யார் பதில் சொல்வது?

சில வாரங்களில் அவள் கண் மஞ்சளானது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இந்த வகைக் காமாலை வந்தால் ஈரல் தாங்காது என்றார் டாக்டரம்மா. கெட்ட தண்ணீரால் வருவது என்றும் சொன்னார். குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்கள். பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. அக்கா கண் திறக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு மாமா மொட்டை மாடிக்கு ஏறி வந்தார். நான் தொட்டிலுக்கு மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தேன். வெட்டாத பாட்டில்கள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. நான் பாதி குடித்து வைத்திருந்த பாட்டில் ஒன்று என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது.

"உன் பேச்சக் கேட்டு அவ குழாய்த் தண்ணி குடிச்சா. நீ எதுக்குடா பாட்டில் தண்ணி குடிச்ச?"

"பாட்டில் தேவைப்பட்டுது மாமா."

உண்மையைத்தான் சொன்னேன். கேட்டால் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் சுவரோரம் கயிற்றோடு கிடந்த மக்கைப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். அதற்கும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை, கீழே உட்கார்ந்துவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் மூன்று ஸ்டூல் இருந்தும் வேண்டுமென்றே தரையில் உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் என் வேலையை அவர் மதிக்கவே இல்லை. பிறகு உங்களைக் கூப்பிட்டார்.

ஆமாம் சார், தொட்டியில் கலந்தது நான்தான். எலி, கழிவு, சோதனைக்குக் கொடுத்த தண்ணீர், எல்லாம் நான். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தொட்டில் முடிந்துவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நானே ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. மாமா குழந்தையை அந்த மரத் தொட்டிலில் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆணி அடித்த சாமான், மூலையெல்லாம் கூர். பெற்ற பிள்ளையின் பாதுகாப்பில் இப்படியா அலட்சியமாக இருப்பது? அக்கா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். அந்தக் காய்ச்சின தண்ணீர் ஒன்றைத் தவிர, நான் சொல்லி அவள் எதையும் தட்டியதே கிடையாது.