சாகாத டிக்கெட்காரன்

— அப்ப நான் செத்துட்டேனா, அர்ச்சனா?

— நீங்க இல்லை, கார்த்திகேசு அண்ணே. கேம்ல உங்க மூஞ்சி வச்ச ஃபெரிப் படகு டிக்கெட்காரன். புதுப் பதிப்புல எல்லாரையும் போல அவனும் சாவான்.

— பழசுல சாகலையே லா! குத்துனாங்க, டிராகன் நெருப்பு ஊதுச்சு, கடல்ல தள்ளுனாங்க. நனைஞ்ச சட்டையோட ஏறி வந்து, “சில்லறை இருக்கா?”ன்னு கேட்டேன்.

— அது எங்க தப்பு அண்ணே. அவனுக்கு உயிர் எவ்வளவுன்னு எழுதவே மறந்துட்டோம். இல்லாத உயிரை எப்படிக் குறைக்கிறது?

— இப்ப எவ்வளவு எழுதியிருக்கே?

— நாப்பது.

— கப்பல் எலிக்கு?

— அறுபது.

— பாரு தங்கச்சி, கேம் பாதிகூட முடியாதப்பவே, வெறும் படத்தை நம்பிக் காசு போட்டவன் நான். அதுக்குத்தானே என் மூஞ்சியை வச்சீங்க?

— மூஞ்சி அப்படியே இருக்கே. இந்தப் பதிப்புல மீசை ஒவ்வொரு முடியா தெரியுது.

— பொணத்துக்கு எதுக்கு மீசை?

— அந்தப் பையில என்னண்ணே?

— தே தாரிக். நுரை பொங்க ஆத்துன டீ, சீனி தூக்கலா. உனக்கும் ஒண்ணு.

— உங்களுக்குச் சுகர் ஏழைத் தாண்டக் கூடாதாம், பதினெட்டுக்கு ஏறி நிக்குதாமே.

— யாரு சொன்னா? டாக்டரும் இப்படித்தான் மிரட்டுனாரு. டிராகன் வீடியோவைப் போன்ல போட்டுக் காட்டுனேன். மனுஷன் இன்னொரு மாத்திரையையும் சேத்து எழுதிட்டாரு.

— மாத்திரை?

— குணவதி தெனமும் தட்டு ஓரத்துல வைப்பா. நான் சாக்கடையில போட்டுருவேன். சாகாதவன் பொண்டாட்டிக்கு என்ன கவலை?

— கேம் வேற, நீங்க வேற அண்ணே.

— ஒரே மூஞ்சி லா! அந்த நாப்பதை அழிச்சிடு. நீ மறந்தியே, அதே மாதிரி இன்னொரு தடவை மறந்துடு.

— முடியாது அண்ணே. இந்தப் பதிப்பும் ஆளாளுக்குக் காசு போட்டுத்தான் வந்துச்சு. ஒருத்தர் புது டிராகன் கேட்டாரு, ஒருத்தர் புதுத் தீவு கேட்டாரு. ஒருத்தங்க மட்டும், “வேற ஒண்ணும் வேணாம், அந்த டிக்கெட்காரன் சாகணும்”னு கேட்டாங்க. வளையலை வித்துக் காசு போட்டாங்க.

— எந்தப் பாவி அது? கூப்பிடு, நேர்ல கேக்குறேன்!

— மாடிப்படியில ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்காங்க... குணவதி அக்கா, உள்ள வாங்க. மாத்திரையையும் எடுத்துக்கிட்டு வாங்க.