பக்கத்து சீட்டில் எழுபத்தொரு கிலோ

— இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. ஆணி குத்துச்சா?

— ஆணின்னுதான் நினைச்சேன். கார் டயர்ல காத்து இறங்கிக்கிட்டே இருந்துச்சு, கொண்டு வந்து உன் பட்டறையில விட்டேன். வியாழக்கிழமையே சொன்னேனே தம்பி.

— நீங்க போனதும் கழட்டிப் பார்த்தேன். ஆணி இல்ல. இப்படிக் கையை வைங்க... வெளிப்பக்கம் பள்ளம் பள்ளமா புதுசு மாதிரி இருக்கா? அப்படியே உள் ஓரத்துக்குத் தடவிட்டு வாங்க.

— வழுக்கைத் தலை மாதிரி இருக்கு... ஸ்ஸ். என்னடா இது, குத்துது.

— கம்பி. ரப்பர் தீர்ந்து, உள்ளே இருக்கிற கம்பி எட்டிப் பார்க்குது. இன்னும் ஒரு பயணம் போயிருந்தா வெடிச்சிருக்கும். ரெண்டு பின் டயரும் இப்படித்தான்.

— மட்டமான டயரா இருக்கும்.

— அண்ணன் கப்பலேறுறதுக்கு முந்தின நாள் நானே மாட்டினது. வேகமா ஓட்டுற வண்டிக்குன்னே செய்யுற டயர். பத்து மாசமா வண்டி உறை போட்டு நிக்குதுன்னு அண்ணன் நம்பிக்கிட்டு இருக்கார்.

— எப்பவாவது எடுத்தேன். கடைத்தெரு வரைக்கும்.

— கடைத்தெருவுக்கு இந்த வண்டியில? ரெண்டு முட்டைக்கோஸ் வச்சா பின்பெட்டி நிரம்பிடும்.

— ஒரு முட்டைக்கோஸ்தான் வாங்கினேன். இப்ப என்ன, சும்மா நின்னா வண்டி கெட்டுடும்னு நீதானே சொல்லுவ? என் சக்களத்தி இந்தக் காரை நான் பத்திரமாப் பார்த்துக்கிட்டேன்னு வச்சுக்க. பழைய டயரைத் தூக்கிப் போடு, புதுசை மாட்டு, விஷயம் நம்ம ரெண்டு பேரோட போகட்டும்.

— புதுசு வந்தாச்சு. மாட்டியும் ஆச்சு. ஆனா காரணத்தைச் சரி பண்ணாம விட்டா இதையும் அதே மாதிரி தின்னுடும். இங்க வந்து பின்னாடி நின்னு பாருங்க. ரெண்டு சக்கரத்துக்கும் தலை எங்க இருக்கு?

— உள்ளே சாஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக் குனியற மாதிரி.

— அதுதான். போற அவசரத்துல அண்ணன் வண்டியை ஒரு இஞ்ச் இறக்கினார், ஞாபகம் இருக்கா? பார்க்க எடுப்பா இருக்கும், வளைவுல நல்லாப் பிடிக்கும்னு குட்டையான ஸ்பிரிங் போட்டார். வண்டி இறங்கினா சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கை எல்லாம் மேல தூக்கும். சக்கரம் தானா தலையைச் சாய்ச்சுக்கும். உடனே அளவெடுத்துச் சரி பண்ணணும்னேன். "நாளைக்குக் கப்பல், வண்டி சும்மாதானே நிக்கப் போகுது, வந்து பார்த்துக்கலாம்"ன்னார்.

— அதனாலதான் சாவியைத் தொடாதேன்னு சொன்னாரா?

— காரணம் சொல்லலையா உங்ககிட்ட?

— தொடாதேன்னு மட்டும்தான் சொன்னார். காரணத்தைச் சொல்லியிருந்தா...

— தொட்டிருக்க மாட்டீங்க.

— ...தொட்டிருப்பேன். சரி, நிமிர்த்திடு. நெட்டுக்குத்தலா நிக்கட்டும்.

— அப்படியும் கூடாது. வளைவுல வண்டி வெளிப்பக்கம் சாயும். அப்ப கொஞ்சம் உள்ளே குனிஞ்சிருக்கிற சக்கரம்தான் ரோட்டுல முழுசாப் பதியும். நெட்டுக்குத்தலா நின்னா விளிம்புல நிக்கும். இப்போ மூணு டிகிரிக்கு மேல இருக்கு. பாதியாக் குறைச்சா போதும். அண்ணி, உண்மையான திருடன் சாய்வு இல்ல. பாதத்தைச் சேர்த்து வச்சு நில்லுங்க.

— ஆரம்பிச்சிட்டியா. அடுத்தது கரும்பலகை கொண்டு வருவ.

— நில்லுங்க சொல்றேன். விரல் ரெண்டு பக்கமும் வெளியே பார்க்கிற மாதிரித் திருப்புங்க. இப்போ நேரா நடங்க.

— வாத்து மாதிரி இருக்கு. வெளியில நிக்கிற டிரைவர் எல்லாம் பார்க்குறாங்க.

— பின் சக்கரம் ரெண்டும் அந்த நடைதான் நடந்திருக்கு. ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கிட்டு, வண்டியோட நேராவும் போயாகணும். ஒவ்வொரு சுத்துலயும் ரப்பர் ரோட்டுல இழுபடும். சாய்வு மட்டும்னா மெதுவாத் தேயும். வாத்து நடையும் சேர்ந்தா அரம் போட்டு ராவுற மாதிரி. காத்து அடிக்கிறப்போ பின்பக்கம் நெளிஞ்சிருக்குமே?

— நெளிஞ்சுது. அந்தப் பாலத்துல எப்பவும் பின்னாலேருந்து யாரோ தள்ளுற மாதிரி...

— எந்தப் பாலம்?

— ...ஏதோ ஒரு பாலம்.

— கடைத்தெருவுக்குப் போற வழியில பாலம் கிடையாது. அண்ணி, தெருவுக்குள்ள ஓடின டயர்னா திருப்பத்துல வெளி ஓரமும் உரசியிருக்கும். இது உள் ஓரம் மட்டும், சுத்தி ஒரே சீரா. நீளமான நேர் ரோட்டுல ஓடினது. மீட்டர்ல எட்டாயிரம் கிலோமீட்டர் கூடியிருக்கு. அப்புறம் இதோ இந்த போல்ட்டைப் பாருங்க.

— வெள்ளையா என்னமோ பூத்திருக்கு.

— நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பு, கடல் காத்து பட்டது.

— சீ. கண்டதை வாயில வைக்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகலையா?

— துறைமுகத்துக்கா போறீங்க?

— ஞாயிறு மட்டும்.

— எத்தனை ஞாயிறு?

— விட்டது ரெண்டே ரெண்டு. ஒண்ணு காய்ச்சல். இன்னொண்ணு உன் பொண்ணோட பிறந்தநாள்.

— அண்ணனோட கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராதே.

— தெரியும். எனக்கென்ன அது கூடவா தெரியாது? எந்தக் கப்பலா இருந்தாலும் அதே தண்ணியிலதானே வருது. வாசல்ல காவலுக்கு ஒருத்தர் இருக்கார். முதல் மாசம் அடையாள அட்டை கேட்டார். அப்புறம் நாற்காலி எடுத்துப் போட்டார். இப்போ வண்டியைப் பார்த்ததுமே, "இன்னைக்கும் இல்லம்மா"ங்கிறார். யாரைத் தேடி வர்றேன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்ல.

— அங்க என்னதான் பண்ணுவீங்க?

— ஒரு மணி நேரம் உக்காருவேன். அந்த நேரத்துக்குத்தான் அவர் போன் பண்ணுவார். "என்ன இரைச்சல்?"ம்பார். ஃபேன்னு சொல்லுவேன். "நல்ல ஃபேனா வாங்கித் தொலையேன்"ம்பார். திரும்பி வந்துடுவேன். இந்த வண்டிதான் வேணும் தம்பி. அந்த சீட்டுல இன்னும் அவர் வாசம் இருக்கு... கிரீஸும் சோப்பும் கலந்து. சிரிக்காதே.

— சிரிக்கல. இதை அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?

— போன வாரம் கேட்டார். கம்பெனியில இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றாங்களாம், நீ என்ன சொல்றேன்னு.

— நீங்க?

— இருங்க, எனக்கென்ன, ஒரு குறையும் இல்லன்னேன்.

— எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டா?

— வான்னு சொன்னா வந்துடுவார். அப்புறம் ஒவ்வொரு தடவை அந்தக் கடல் பக்கம் திரும்பிப் பார்க்கிறப்பவும், நான் கூப்பிட்டதால வந்தார்னு எனக்குத் தோணும். அவரா வரணும். அவருக்கா தோணி வரணும். திங்கக்கிழமை கையெழுத்துப் போடுறார். அதுவரைக்கும் நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது.

— ஒரு வார்த்தை பேசல, அண்ணி.

— சத்தியமா?

— சத்தியமா. இப்போ வேலையைப் பார்ப்போம். உங்க எடை என்ன?

— எதுக்கு?

— வண்டி ஓடுறப்போ எவ்வளவு கனம் ஏறுமோ, அதை ஏத்தி வச்சுத்தான் கோணம் பார்ப்பேன். ஆள் உக்கார்ந்தா வண்டி தாழும், கோணமும் மாறும். காலி வண்டிக்கு அளவெடுத்தா, காலி வண்டிக்குத்தான் சரியா இருக்கும்.

— ஐம்பத்தி நாலு.

— அளவெடுக்கிற மிஷின் பொய்யைக் கண்டுபிடிச்சிடும்.

— ...ஐம்பத்தி ஒன்பது. வெளியில சொன்னே, தொலைச்சிடுவேன்.

— ஓட்டுற சீட்டுல ஐம்பத்தி ஒன்பது. மணல் மூட்டை வச்சாச்சு. திரையைப் பாருங்க. சிவப்பு எல்லாம் தப்பு. முதல்ல சாய்வைப் பிடிக்கிறேன், அது அசைஞ்சா வாத்து நடையும் கூடவே அசையும். அதனால வாத்து நடை ரெண்டாவது. பின் சக்கரம் முடிஞ்ச பிறகுதான் முன் சக்கரம்... பின்னாடி எங்க பார்க்குதோ அங்கதான் வண்டி போகும், முன்னாடி சும்மா ஒத்துக்கும்.

— எங்க வீட்டைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு.

— இந்த போல்ட்டோட தலையைப் பாருங்க, நடுவுல இல்லாம ஓரமாத் துளை போட்ட வட்டம். திருப்பினா சக்கரத்தைப் பிடிச்ச கை நகரும். நூலளவுதான். அந்த நூலளவு எட்டாயிரம் கிலோமீட்டர்ல ஒரு டயர்... பச்சை வந்துடுச்சா?

— இடது பக்கம் வந்துடுச்சு. வலது... இரு, இரு. வந்துடுச்சு. எவ்வளவு லேசாத் திருப்பின நீ. இவ்வளவுதானா?

— இவ்வளவுதான். இனிமே கம்பி தெரியாது.

— தம்பி.

— ம்.

— பக்கத்து சீட்டுல எதுக்கு மூட்டை?

— ரெண்டு பேர் உக்கார்ற வண்டி.

— நான் தனியாத்தான் போறேன்னு இப்பத்தானே சொன்னேன். நீ சொன்னபடி பார்த்தா, காலி சீட்டுக்குக் கனம் வச்சா அளவு தப்பாகுமே.

— அது... பொதுவா வைக்கிறதுதான்.

— பொதுவாவா? இருபது, இருபது, இருபது, பத்து. அதுக்கு மேல ஒரு கிலோ பொட்டலம் தனியா. பொதுவா வைக்கிறவன் ஒரு கிலோவைத் தேடிக்கிட்டு இருப்பானா?

— கணக்கு சரியா இருக்கட்டும்னு...

— யாரோட கணக்கு? அவர் எழுபத்தெட்டு. போறப்போ நான்தான் எடை மிஷின்ல ஏத்திப் பார்த்தேன், தொப்பையைப் பிடிச்சுக் கிண்டல் பண்ணினேன். எழுபத்தொண்ணு யாரு?

— கப்பல்ல சாப்பாடு சரியில்லையாம், அண்ணி.

— ...உனக்கு யார் சொன்னது? ஒரு வார்த்தை பேசலைன்னு சத்தியம் பண்ணினியே?

— பேசலைங்கிறது நிஜம். வியாழக்கிழமை அந்த டயரையும், உப்புப் பூத்த போல்ட்டையும் படம் பிடிச்சு அண்ணனுக்கு அனுப்பினேன், ஒரு எழுத்துகூட எழுதல. இன்ஜினோடயே குடித்தனம் நடத்துற மனுஷனுக்கு அதுக்கு மேல விளக்கம் வேணுமா? நாள் பூரா பதிலே இல்ல. நேத்துதான் வந்துச்சு, உங்ககிட்ட காட்டாதேன்னுட்டு... இந்தாங்க, நீங்களே படிங்க: "அது ஃபேன் சத்தம் இல்லடா. கையெழுத்துப் போடல. அந்தத் துறைமுகத்துக்கு வர்ற சரக்குக் கப்பல்ல இடம் கிடைச்சிருக்கு, அடுத்த ஞாயிறு இறங்குறேன். அதுக்குள்ள சக்கரத்தை நிமிர்த்திடு. பக்கத்து சீட்டுல எழுபத்தொரு கிலோ வச்சு அளவெடு. ஓட்டப் போறது அவதான்."