ஓடாதவளுக்குக் குடம்

பொங்கல் முடிந்த மறுவாரம், கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“எங்க ஊரு ஓட்டப்பந்தயத்துல ஓடாதவளுக்குத்தாங்க்கா மொதப் பரிசு.”

“என்னடி சொல்ற?”

“வருசா வருசம் ஒன், டூ, த்ரீன்னா ஓடுவோம். இந்த வருசம் த்ரீ சொன்னப்பறம் விசில் ஊதுவாங்களாம். அதுக்கு முன்னாடி கால எடுத்தா அவுட்டாம், மறுபடி விடமாட்டாங்களாம். ஒலகப் போட்டியிலயே இப்ப அதுதான் ரூலாம்.”

“ஆமா, ஒங்கள ஒலிம்பிக்குக்குல்ல அனுப்பப் போறாங்க!”

“பழக்கதோசத்துல த்ரீன்னதும் ஏழு பேரு பறந்துட்டோம். நான்தான் மொதல்ல கயித்தத் தொட்டேன். திரும்பிப் பாத்தா, ஏழு பேரும் அவுட்டுங்கிறாங்க. விழாக் கமிட்டித் தலைவரு பொண்டாட்டி மட்டும் பொறப்பட்ட எடத்துலயே நின்னு செல்லுல பேசிக்கிட்டிருக்கா. அவதான் ஜெயிச்சான்னு மைக்குல சொல்லிட்டாங்க.”

“அப்பறமாச்சும் அவள ஓடவிட்டுப் பாத்தாங்களா?”

“அதெல்லாம் எங்க? எவர்சில்வர் குடம்னு சொன்னதும் செல்ல இடுப்புல சொருகிக்கிட்டு மேடைக்கு ஓடுனா பாருங்க, எங்க ஏழு பேரையும் முந்தியிருப்பா.”

மூத்தவள் கேட்டாள்: “அதுக்கு எவனாச்சும் விசில் ஊதுனானா?”