ஜன்னல் காற்று

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து புளியங்குடி பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புருஷனிடம் சொன்னாள்:

"கண்ணாடிய இழுத்துச் சாத்துங்க. பச்ச உடம்புல காத்து படக்கூடாது."

"ஏட்டி, நான் என்ன புள்ளயா பெத்துட்டு வாரேன்?"

"ரெண்டு போதும்னு எனக்குப் பதிலா நீங்கதான ஆஸ்பத்திரில போய்ப் படுத்திய. நான் பெத்தப்ப ரெண்டு தடவையும் நீங்கதான களி கிண்டித் தந்திய. இப்ப என் முறை. உளுந்து திரிச்சு வச்சிட்டுத்தான் வந்தேன்."

"தையலே கிடையாது. ரெண்டு நாள் வீட்டுல இருந்தாப் போதும்னாரு டாக்டரு."

"டாக்டரா களி கிண்டப் போறாரு?"

அவன் ஜன்னலைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அம்மைட்ட குடலிறக்கம்னு சொல்லிரு. ஆம்பளைக்கு எதுக்கு இதுன்னு ஊரக் கூட்டிருவா."

அடுத்த நிறுத்தத்தில் காலி எலுமிச்சைக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறினார்.

"தம்பி, செத்த எந்திரிப்பா. கால் கடுக்கு."

அவன் எழுந்துவிட்டான். மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவுகளுக்கு ஆப்பரேஷன் ஆயிருக்கு. நான் எந்திரிக்கேன், நீங்க உக்காருங்க."

"என்ன ஆப்பரேஷன்?"

மனைவி அவனைப் பார்த்தாள்.

"குடும்பக் கட்டுப்பாடு" என்றான் அவன். பாதி பஸ் திரும்பியது.

கூடைக்கார அம்மாள் உட்கார்ந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அவனைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"பச்ச உடம்புல்லா" என்றார்.