தொட்டியில் நாற்பது போர்வைகள்

ஹலோ… ஆமா பாஸ்டர், நான்தான்… ஆமா, ஆமா, செக்ரெட்டரி சொன்னது உண்மைதான். ஞானஸ்நானத் தொட்டியில போர்வை ஊறிட்டு இருக்கு… நாப்பது… இல்ல, நாப்பதும் ஒண்ணா இல்ல. பத்துப் பத்தா.

யாரு அனுமதி குடுத்தாங்களா? நான்தான்… என்ன உரிமைலயா? ஹால் பொறுப்பு என் மனைவிகிட்ட இருந்தது. அவ செத்து எட்டு மாசமாச்சு. சாவிய யாரும் திருப்பிக் கேக்கலை, நானும் குடுக்கலை.

கத்தாதீங்க ஐயா. கமிட்டிக் கூட்டம் நடக்கற மண்டப வாசல்லதானே நிக்கறீங்க? உள்ள கேக்கும்… ம்.

சுருக்கமா சொல்றேன். போன வாரம் நம்ம ஹால்ல தங்கியிருக்கற அகதிங்களைப் பாத்துட்டுப் போன நர்சம்மா காலைல லோஷனோட வந்தாங்க. கால்வாசிப் பேருக்கு சிரங்கு… சிரங்குதான் ஐயா, மருந்துக்கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? லோஷன் தடவியாச்சு. ஆனா போர்வை எல்லாத்தையும் இன்னைக்கே கொதிக்கற தண்ணில அலசி எடுக்கணும். மூணு மணிக்கு சுகாதார அதிகாரி வராங்க. முடிக்கலைன்னா ஹாலைப் பூட்டிட்டு, நாப்பது பேரையும் ஊருக்கு வெளிய இருக்கற முகாமுக்கு ஏத்திடுவாங்க… ஆமா, அதே முகாம்தான். கம்பி வேலி போட்டது. பஸ் இப்பவே வாசல்ல நிக்குது. மணி ரெண்டே முக்கால்.

வாஷிங் மெஷினா? அது போன மாசமே படுத்துடுச்சே. நீங்கதான் ஜெபம் பண்ணலாம்னீங்க. பண்ணினோம். எழுந்திருக்கலை.

அதனாலதான் தொட்டி. இந்தக் கட்டடத்துலயே வெந்நீர் வர ஒரே இடம் அதான்… இல்ல, அவ்வளவு சூடு வராதுதான். அகதிங்கள்ல ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கார், ஹீட்டரைக் கழட்டி என்னமோ பண்ணினார். இப்ப கைய வெச்சா வெந்துடும்… சரி பண்ணித் தருவார் ஐயா, உங்க தலைல வெந்நீர் ஊத்த மாட்டோம்.

இப்ப பிரச்சினை போர்வை இல்ல. செக்ரெட்டரி. மெயின் சுவிட்ச் மேல கைய வெச்சுட்டு, திருடனைக் கையும் களவுமாப் பிடிச்ச மாதிரி நிக்கறார். நீங்க சரின்னா அணைச்சுட்டுத் தண்ணியைத் திறந்து விட்டுடுவாராம். இன்னும் பத்துப் போர்வை பாக்கி. 'விடுங்க'ன்னு ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான்.

…பரிசுத்தமான இடம். ஆமா. அங்க பாவத்தையே கழுவலாம்னு நீங்கதான் சொல்றீங்க. அதைவிடவா சிரங்கு அழுக்கு?… இல்ல, கேலி பண்ணலை… சரி, கொஞ்சம் பண்றேன்.

…ஆமா. ஆமா. தேவனோட சித்தம் இல்லாம ஒண்ணும் நடக்காது. அப்ப சிரங்கும் அவர் சித்தம். மெஷின் படுத்ததும் அவர் சித்தம். இத்தனையும் பாத்துப் பாத்துப் பண்ணினவர், கடைசில நம்ம செக்ரெட்டரி கையில போய் மாட்டிக்கிட்டார்.

ஞாயித்துக்கிழமைக்குத் தொட்டி வேணும். தெரியும் ஐயா. பதினோரு பேருக்கு ஞானஸ்நானம்… எங்க சொல்லப் போறீங்க? கமிட்டிலயா? இப்பவா?… அடுத்தது நீங்களா? ஐயா, தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

…ஏன்னா அந்தப் பதினோரு பேரும் சிரங்குக்குப் பேர் குடுத்தவங்க.

…ஹலோ? இருக்கீங்களா?

கதவுல ரெண்டு தாள் ஒட்டியிருந்ததுல்ல? ஒட்டினது நான், பழியை என் மேலயே போட்டுக்கங்க. ஒண்ணு உங்க ஞானஸ்நானத் தாள். இன்னொண்ணு, அரிக்கறவங்க பேர் எழுத நர்சம்மா குடுத்தது. நம்ம எழுத்து அகதிங்களுக்குப் படிக்க வராது. உங்க தாள்ல ஆசை ஆசையா ஒரு படம் வரைஞ்சிருந்தீங்க, ஒருத்தன் இடுப்பளவு தண்ணில நின்னு ரெண்டு கையையும் தூக்கிட்டு இருக்கான். நர்சம்மா தாள்ல வெறும் எழுத்து. அரிக்கறவன் எதுல எழுதுவான், நீங்களே சொல்லுங்க.

எப்படித் தெரியுமா? காலைல பதினோரு பேரும் சட்டையைக் கழட்டிட்டுத் தொட்டிகிட்ட வரிசையா வந்து நின்னாங்க. எவ்வளவு நேரம் முங்கணும்னு எலக்ட்ரீஷியன் என்னைக் கேக்கறார். தலையும் முங்கணுமா, தலைல அரிப்பு இல்லையேன்னு.

…சிரிக்கறீங்களா?… அழறீங்களா? போன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது.

இல்ல. நிஜமாவே ஞானஸ்நானம் கேட்டவங்க யாருமே இல்லன்னு சொல்ல முடியாது. ஒருத்தர் இருக்காங்க. அரிப்பே இல்லாத ஒரு அம்மா நர்சம்மா தாள்ல பேர் எழுதியிருக்காங்க. தண்ணி படம் போட்டது சிரங்குக்காரங்களுக்கு, சாமி விஷயம் இன்னொரு தாள்னு நினைச்சுட்டாங்க. லோஷன் பாட்டிலைக் குடுத்தேன். கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

சுவிசேஷமா? நான் ஒண்ணும் சொல்லலை ஐயா. அந்தம்மாதான் என்னைக் கேட்டாங்க. எலக்ட்ரீஷியனுக்கு நம்ம பாஷை கொஞ்சம் வரும், அவரை வெச்சு. உன் பொண்டாட்டி எங்கன்னாங்க. செத்துட்டான்னேன். யார் பண்ணினதுன்னாங்க.

…ஆமா. யாருன்னு. அவங்க வீட்டுல மூணு பேர் போயிட்டாங்க. மூணுக்கும் ஆள் யாருன்னு அவங்களுக்குத் தெரியும்.

யாரும் பண்ணலை, மூளைல ரத்தக் குழாய் வெடிச்சுடுச்சுன்னேன். பல் தேய்ச்சுட்டு இருந்தா, அப்படியே உக்காந்துட்டான்னேன். அப்ப உங்க சாமியான்னு அந்தம்மா கேட்டாங்க.

நான் போர்வையைப் பிழிஞ்சுட்டு இருந்தேன். பிழிஞ்சுட்டே இருந்தேன். தண்ணி நின்னதுக்கு அப்புறமும்.

…தெரியும் ஐயா. அடக்கத்துல நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. தேவனோட திட்டத்துல தப்பே வராதுன்னீங்க. எல்லாரும் ஆமென் போட்டாங்க. நானும் தலையாட்டினேன். பெட்டி மூடலாமான்னு கேட்டவனுக்கும் அதே மாதிரிதான் தலையாட்டினேன்… அதையே அந்தம்மாகிட்டயும் சொல்லணுமா? மூணு பேரைப் பறிகுடுத்தவங்ககிட்டயா? நீங்களே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன்… ஏன் வேண்டாம்?… ஏன்?

…

கேக்கலை. இன்னொரு தடவை.

…

தெரியாதா?

…

ம்.

…இல்ல, கோபம் இல்ல. தெரியலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம், அதான். எட்டு மாசமா எனக்கு மட்டும்தான் புரியலைன்னு நினைச்சுட்டு இருந்தேன்… உங்களுக்குமா?… வீட்டுக்குப் போயா? நைட்டெல்லாம் அழுதீங்களா?… உங்க வீட்டு அக்காவுக்குத் தெரியுமா?… சரி. சரி, நான் யார்கிட்டயும் சொல்லலை.

ஐயா, வேன் வந்துடுச்சு. அதிகாரி இறங்கறாங்க… சார்! செக்ரெட்டரி சார், கைய எடுங்க, இருங்க, பாஸ்டர் லைன்ல இருக்கார்… உங்க பேரைக் கூப்பிடறாங்களா? கூப்பிடட்டும். ஒரு வார்த்தை ஐயா, ஒரே வார்த்தை. இந்தாங்க சார், நீங்களே கேளுங்க.

…

ஹலோ… என்ன சொன்னீங்க அவர்கிட்ட? சுவிட்சை விட்டுட்டு சட்டைக் கைய மடிக்கறார். பிழியப் போறாராம்! இதுக்கு முன்னால அவர் கர்ச்சீப்பையாவது பிழிஞ்சிருப்பாரா?… சித்தம், சித்தம்.

இருங்க… அதிகாரி உள்ள வந்துட்டாங்க. தொட்டிய எட்டிப் பாக்கறாங்க. மேடம், விரலை… ஐயோ. வெச்சுட்டாங்க… சுட்டுடுச்சு. ஊதிக்கறாங்க… இல்ல, திட்டலை. எழுதறாங்க… மீதிய முடிச்சுடுங்கன்னாங்க. அடுத்த வாரம் திரும்ப வருவாங்களாம். அவ்வளவுதான்… ஆமா. பஸ் திரும்புது. காலியாத்தான்.

கமிட்டில என்ன சொல்லவா? ஞானஸ்நானத்துக்கு ஒருத்தர்னு சொல்லுங்க… கை தட்ட மாட்டாங்கதான். மிச்சப் பத்துப் பேருக்கும் அரிப்பு நிக்குதுன்னு வேணா சேத்துக்கங்க. சரியா பாத்தா அந்தம்மா இல்லாமயே அது பதினொண்ணு.

அந்தம்மா இங்கதான், பக்கத்துலயே. சொல்லவா?… நீங்க சொன்னதையேவா? நிச்சயமா?… எலக்ட்ரீஷியன் அண்ணே, அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்குத் தெரியலை. பாஸ்டருக்கும் தெரியலையாம். தெரியாமலேதான் நம்பறாராம்… நானா? நான் இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லுங்க.

…

ஐயா, ஞாயித்துக்கிழமை வராங்களாம்… ஆமா, அதைக் கேட்டதுக்கு அப்புறமும். ஆனா தண்ணின்னா பயமாம். படகுல வந்தவங்க. தனியா இறங்க மாட்டாங்களாம். நான் பக்கத்துல நிக்கணும்கிறாங்க. முடிவு பண்ணாதவனா இருந்தாலும் பரவால்லையாம்… நீங்க என்ன சொல்றீங்க? அப்படி நிக்கலாமா, சபைச் சட்டத்துல இடம் இருக்கா?… ஐயா?… ஹலோ? ஹலோ?

போனை வெச்சுட்டார். மேடை ஏறிட்டார் போல.

அண்ணே, சரின்னு சொல்லுங்க. தண்ணிய மாத்திட்டுன்னு சொல்லுங்க.