ஒன்பதாம் எண் படத்தைத் திருத்திய எஃபி லேட்லா அவர்களுக்கு

கார்லா மலைக் காற்றாலையின் அனுமதி அலுவலராக இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, இன்று பெருமையோடு ஓய்வு பெறும் எங்கள் அன்பிற்குரிய எஃபி லேட்லா அம்மையார் அவர்களே! வரைபடம் வாசிப்பதில் வல்லவரே! விண்ணப்பங்களின் வேந்தே! பருந்தின் பாதையையும் பதிவு செய்த பண்பாளரே! ஆட்சேபம் அனுப்பியவருக்கும் அன்றைக்கே நன்றி எழுதிய நாகரிகரே! வணக்கம்.

இப்படியெல்லாம் அழைத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்பது தெரியும். "நீட்டி முழக்காதேப்பா, சூப்பு ஆறுது" என்று முதல் வரிசையில் இருந்தபடியே சொல்லப் போகிறீர்கள். இன்று ஒருநாள் பொறுத்தருள வேண்டும். ஊர்மன்றக் கதவை மேலாளர் ரோரி சாத்திவிட்டார், தப்பிக்க வழியில்லை.

அம்மையீர்! பதினோரு காற்றாடிகள் இன்று அந்த மலைமேல் சுழல்கின்றன என்றால், அவை ஒவ்வொன்றின் அடியிலும் உங்கள் கால்தடம் இருக்கிறது. சதுப்பு எவ்வளவு ஆழம் என்று பத்தடிக்கு ஒருமுறை கம்பியை இறக்கிப் பார்த்தீர்கள். ஒருமுறை சேறு உங்கள் வலது பூட்ஸை விழுங்கிவிட்டது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் நீங்கள் முதலில் கேட்டது, "அந்த ஆழத்தை எழுதிக்கிட்டியா?" என்பதுதான். எழுதிக்கொண்டோம். பூட்ஸ் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனால் இந்த மடல் அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றியதல்ல. கடைசி ஓராண்டைப் பற்றியது. அதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டினால் எங்கள் நாக்கு கூசும்.

இன்னும் ஏழு காற்றாடிகளுக்கு மாவட்ட மன்றத்திடம் அனுமதி கேட்டோம். அனுமதி வந்தால் பணிமனை நம் ஊரான ஓர்மிஷாவிலேயே இருக்கும். வராவிட்டால் பணிமனையை மூடிவிட்டு அதில் வேலை செய்யும் எட்டுப் பேரையும் கிளாஸ்கோவுக்கு அனுப்பிவிடுவோம் என்று தலைமையகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மலையின் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் மின்கம்பித் தொடர்பில் நமக்கென ஒதுக்கியிருந்த இடமும் அக்டோபர் முதல் தேதி வரைக்கும்தான். எங்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

விண்ணப்பத்தோடு ஒரு படப் புத்தகமும் போக வேண்டும். ஊரைச் சுற்றிப் பதின்மூன்று இடங்களில் நின்று மலையைப் படம் பிடித்து, வரப்போகும் காற்றாடிகளை அதன்மேல் வரைந்து காட்ட வேண்டும். அந்தப் படங்களை எடுக்கும் வேலை, இம்மடலை எழுதும் எனக்கு, அதாவது கலம் டர்ன்புல்லுக்கு, தரப்பட்டது. ஒன்பதாவது இடம், தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தம். நான் போன அன்று காற்று ஆளைத் தள்ளியது. கேமராவின் முக்காலி ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான்கடி பின்வாங்கி நிழற்குடையின் கற்சுவர் மறைவில் முக்காலியை ஊன்றிப் படம் எடுத்தேன். படம் அருமையாக வந்தது. ஆனால் ஏழு காற்றாடிகளில் நான்கு அந்தச் சுவருக்குப் பின்னால் போயிருந்தன. நான் அதைக் கவனிக்கவே இல்லை. உலகத்திலேயே காற்றுக்குப் பயந்து ஒளிந்துகொண்ட காற்றாலைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீங்கள் கவனித்தீர்கள். எந்த விண்ணப்பமானாலும் மன்றத்தின் விசாரணைக்கு முன் படப் புத்தகத்தைக் கையில் ஏந்திப் பதின்மூன்று இடங்களிலும் போய் நிற்பது உங்கள் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது இடத்தில் நின்று புத்தகத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். அங்கே பேருந்துக்காக உட்கார்ந்திருந்தவர் நெட்டா ஸ்கூலர். ஊரில் நம்மை எதிர்த்தவர்களுக்கெல்லாம் தலைவி.

"என்ன எஃபி, படமெல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கிண்டலாகத்தான் அவர் கேட்டார்.

"இல்ல நெட்டா. இங்கேருந்து ஏழும் தெரியும். படத்துல மூணுதான் இருக்கு. எங்க தப்பு" என்றீர்கள்.

அம்மையீர், எங்களிடம் சொல்லும் முன் எதிராளியிடம் சொன்னீர்களே! மறுநாள் அலுவலகத்தில் நடந்ததை மறக்க முடியுமா? மேலாளர் ரோரி தலையில் கைவைத்துக்கொண்டார். "விசாரணைக்குப் பதினோரு நாள்தான் இருக்கு. சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே ரோரி" என்று சொல்லிவிட்டு நீங்கள் தேநீர் போடப் போனீர்கள்.

தவறை நீங்களே மன்றத்துக்கு எழுதி அனுப்பியதால் விண்ணப்பம் திரும்பி வந்தது. படத்தை மறுபடி எடுத்தோம். இந்த முறை முக்காலியின் காலை நீங்களே இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். விசாரணை செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப் போனது. அந்த மூன்று மாதமும் நாங்கள் உங்களிடம் நடந்துகொண்ட விதத்தை இந்த ஊரின் முன் ஒப்புக்கொள்கிறோம். நீங்கள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினோம். உங்கள் பிறந்தநாளைத் தெரிந்தே மறந்தோம். "ஓய்வு பெறப் போறவங்களுக்கு என்ன கவலை" என்று உங்கள் காதில் விழும்படியே சொன்னோம். அதைச் சொன்னவனும் நான்தான். தப்பு செய்தவன் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டவனும் நான். என் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகையை நட்டுவிட்டு, அதற்கும் உங்களையே மனத்துக்குள் திட்டினேன்.

விசாரணை அன்று மன்றத்தின் திட்டக்குழுத் தலைவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பழைய படத்தை எடுத்தது யாரு?" என்று கேட்டார். பின் வரிசையில் இருந்த நான் முன்னால் இருந்தவரின் முதுகு மறைவில் குனிந்துகொண்டேன்.

"கீழே என் பேர் இருக்குங்க. பொறுப்பு என்னுது" என்றீர்கள்.

"சரி, எதுக்குச் சுவருக்குப் பின்னால போய் எடுக்கணும்?"

"காத்து அப்படி அடிச்சுதுங்க. அதுக்காகத்தானே இங்கே காத்தாடி வைக்க அனுமதி கேக்கறோம்!"

தலைவரே சிரித்துவிட்டார். அடுத்து நெட்டா எழுந்தார். கையில் மூன்று பக்க ஆட்சேபம் இருந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"எனக்கு இந்தக் காத்தாடிங்க இன்னைக்கும் பிடிக்கல. ஆனா தங்களுக்கு எதிரான படத்தைத் தாங்களே கொண்டுவந்து வச்சிருக்காங்க. அதனால மத்தப் பன்னெண்டு படத்தையும் நான் நம்பறேன். தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால தலையை நீட்டுதே, அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. நான் உட்காந்துடறேன்."

ஏழு ஆறாயிற்று. ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் அனுமதி கிடைத்தது. மின்கம்பித் தொடர்புக்கு இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது! வாகனம் நிறுத்தும் இடத்தில் ரோரி அழுதார். தூறல் என்று சொல்லிச் சமாளித்தார். எங்கள் நெஞ்சில் இருந்து இறங்கிய பாரத்தைச் சொல்லில் எழுதத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை அந்தப் பலகையைப் பிடுங்கியதுதான். என் இளையவள் குழியை மிதித்து மூடிவிட்டு, "இனிமே எங்கேயும் போக வேண்டாம்தானே?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் "வேண்டாம்" என்றேன். அப்போதுதான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

இப்போது கேட்கிறோம். எங்களை மன்னியுங்கள், எஃபி. மாவட்ட மன்றத்தின் பொதுக்கோப்பில் பழைய ஒன்பதாம் எண் படத்துக்குக் கீழே உங்கள் பெயர்தான் இன்னும் இருந்தது. நேற்று நான் நேரில் போய், எடுத்தவன் நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குமாஸ்தா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்காகவா நாப்பது மைல் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தே?" என்றார். ஆமாம் என்றேன்.

நல்லவரே! நிந்தித்தாலும் நடுங்காது நின்றவரே! இனிமேல் உங்கள் முழங்காலுக்கு ஈரம் படாதிருக்கட்டும். தபால்காரர் ஆட்சேபக் கடிதம் அல்லாத கடிதங்களையே கொண்டுவரட்டும். உடல் நலமும் உள்ளக் களிப்பும் குறையாமல் நூறாண்டு வாழுங்கள். வாரம் ஒருமுறை பணிமனைக்கு வாருங்கள். தேநீர் நாங்கள் போடுகிறோம். முகவரி மாறவில்லை.

இங்ஙனம்,
எட்டுப் பேரும், ஒருவரும் குறையாமல்,
கார்லா மலைக் காற்றாலைப் பணிமனை,
ஓர்மிஷா.